மல்லாட்டை காயுற நாள், மலை ஏறுற நாள்

திண்டிவனத்திலிருந்து பர்வதமலை அடிவாரத்துக்கு ஞாயிறு தவறாமல் வேன் விட்ட முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் வேறு யாராவது விட்டிருக்கலாம். அவர் யாரென்று எனக்குத் தெரியாது, அதனால் அவரைச் சேர்க்கவில்லை.

நாலாவது வரைக்கும்தான் படித்தேன். பள்ளிக்கூடம் என்னை அனுப்பவில்லை, நானே போய்விட்டேன். கூட்டேரிப்பட்டு கூட்டு ரோட்டில் லாரிக் கண்ணாடி துடைத்தேன். கிளீனர் ஆனேன், டிரைவர் ஆனேன், முதலாளி ஆனேன். இன்றைக்கு எனக்கு மூன்று வேன். மூன்றிலும் பின்கண்ணாடியில் சிங்காரம் என்று என் மூஞ்சி அகலத்துக்கு எழுதியிருக்கிறது. படித்தவன் எத்தனை பேருடைய பேர் பைபாஸில் எண்பதில் ஓடுகிறது, சொல்லுங்கள்.

கலைப்பிரியா என்று ஒரு பெண். கண்டமங்கலத்திலிருந்து பாண்டிச்சேரி கம்பெனிக்குத் தினமும் பஸ் ஏறுகிறவள். கம்பெனிப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு மாதம் ஒரு ஞாயிறு என் வேனில் மலைக்கு வருவாள். நாங்கள் மலைக்குப் போவது என்போம், அவர்கள் ட்ரெக்கிங் என்பார்கள். வியர்வை ஒன்றுதான். அந்தக் குழு ஒரு ஆண்டு மலர் போடுகிறதாம்.

"அங்கிள், எந்தெந்த மாசம் மலை ஏறலாம்னு நீங்கதான் எழுதித் தரணும். உங்களுக்குத்தான் அனுபவம்" என்றாள்.

அனுபவம் என்ற வார்த்தையைச் சொன்னதால் ஒத்துக்கொண்டேன். ஆனால் மாசத்தை எழுத உட்கார்ந்தால் அம்சாதான் வந்து நிற்கிறாள். அதனால் அம்சாவைப் பற்றி எழுதுகிறேன். மாசம் நடுவில் வரும், பொறுக்கிக்கொள்ளுங்கள்.

அம்சாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. திண்டிவனத்தில் சவுரிராயன் நடத்துகிற மல்லாட்டை மில்லில் களத்து வேலை. மல்லாட்டை என்பது உங்கள் வேர்க்கடலைதான். நிலத்திலிருந்து வருகிற மல்லாட்டை ஈரமாக வரும். அதை சிமெண்டுக் களத்தில் பரப்பி, காலால் கிளறிக் கிளறிக் காயவைத்துத்தான் உடைக்கக் கொடுக்க முடியும். பாதி காய்ந்த மல்லாட்டையில் மழை விழுந்தால் பூஞ்சை பிடித்துவிடும், ஒரு லோடும் போச்சு. அதனால் களத்தில் யார் வானத்தைப் பார்க்கிறார்களோ அவர்கள்தான் பெரிய ஆள். முதலாளி சவுரிராயன் ரெண்டாவதுதான். இதை அவனே ஒத்துக்கொள்வான், என்னைப்போல் பெருந்தன்மை உள்ளவன்.

அம்சா கல்யாணமாகி வந்த வருஷமே களத்தில் இறங்கியவள். இருபத்தெட்டு வருஷம் காலால் கிளறியதில் அவள் நடையே மாறிவிட்டது. ரோட்டில் நடந்தாலும் பாதத்தைத் தூக்கமாட்டாள், தேய்த்துக்கொண்டே ஒரு பக்கமாகப் போவாள். காலையில் களத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி சிமெண்டை மிதித்துப் பார்ப்பாள். மரக்காணம் பக்கத்திலிருந்து காற்று வருகிறதா, செஞ்சிப் பக்கத்திலிருந்து வருகிறதா என்று கன்னத்தைத் திருப்புவாள். ஒரு காயை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டுவாள். பிறகு ரெண்டே வார்த்தையில் ஒன்று. ஒன்று "காயலாம்". இன்னொன்று "வாரிடு". காயலாம் என்றால் பதினைந்து பெண்கள் மூட்டையைப் பிரிப்பார்கள். வாரிடு என்றால் பலகையால் வாரிக் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஏன், எதற்கு என்று கேள்வி கிடையாது. டிவியில் சொல்கிற மழை விழுப்புரம் மாவட்டத்துக்குப் பெய்யும். அம்சா சொல்கிற மழை அந்தக் களத்துக்குப் பெய்யும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் என் முதல் வேன் வாரநாளில் மில்லுக்கு மூட்டை ஏற்றும், ஞாயிறு மலைக்குப் போகும். ஒரு ஐப்பசி ஞாயிறு. அடிவாரம் வரைக்கும் போன பதினெட்டு பேரும் வேனைவிட்டு இறங்கவே முடியாத அளவுக்கு மழை. அடுத்த வாரம் மூட்டை ஏற்றப் போனபோது, மில்லில் எல்லாரும் எப்படிக் கேட்பார்களோ அப்படியே நானும் கேட்டேன்.

"அம்சா, ஞாயித்துக்கிழமை காயுமா?"

"காயும்ண்ணா."

வேன் எடுத்தேன். ஒரு சொட்டு விழவில்லை. அன்றைக்குப் போட்டேன் ரூல். அம்சா காயலாம் என்றால் வண்டி உண்டு. வாரிடு என்றால் கிடையாது. சனிக்கிழமை மத்தியானம் அவளிடம் கேட்டு வாட்ஸப்பில் நான் குரலில் போடுவேன். "நாளைக்குக் காயலாம். நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்ட்." பாண்டிச்சேரிப் பிள்ளைகளே அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார்கள். "காயலாமா அங்கிள்?" என்றுதான் போன் வரும்.

இப்போது மாசத்துக்கு வருகிறேன். தையும் மாசியும் அருமையான மாசம். விடியற்காலையில் பனி, பத்து மணிக்கு இதமான வெயில், மல்லாட்டையும் காயும் மனுஷனும் ஏறுவான். பங்குனியில் பாறை சூடேறும். சித்திரையில் பாறை தோசைக்கல். கம்பியைப் பிடித்து ஏறுகிற இடத்தில் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் பிடிக்க முடியும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். வைகாசி, ஆனி சொல்லவே வேண்டாம். ஆடியில் காற்று ஆளைத் தள்ளும். ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் காய்ந்து சாயந்திரம் இடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அம்சா பெரும்பாலும் வாரிடுதான், நான் வண்டிக்குப் பிரேக் வேலை பார்ப்பேன். மார்கழியில் மழை விட்டதும் மறுபடி ஆரம்பிப்பேன்.

பங்குனிக்கும் புரட்டாசிக்கும் நடுவில் போனவர்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று நேர்மையாகவே சொல்கிறேன். கருகி வந்தார்கள். ஆளுக்கு அஞ்சு பாட்டில் தண்ணீர் கொண்டுபோய் ஆறாவது பாட்டிலுக்கு அலைந்தார்கள். போன சித்திரையில் ஒரு பையன் பாதி வழியில் மயக்கம் போட்டு, அவனை ரெண்டு பேர் தோளில் கைபோட்டு இறக்கினார்கள். வேனுக்கு வந்து எலுமிச்சை ஜூஸ் குடித்துவிட்டு, "செம டஃப் மலை அங்கிள்" என்றான். மலை டஃப்தான் என்று நானும் நம்பினேன். அவர்களும் நம்பினார்கள். ஆனால் ஒன்று. எட்டு வருஷத்தில் என் வண்டியில் வந்தவன் ஒருத்தன்கூட மழையில் நனைந்ததில்லை. இதை நான் விசிட்டிங் கார்டிலேயே அடித்திருக்கிறேன்.

நான் மலை ஏறினதில்லை. வண்டியைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறுப்பான ஆள் கீழே வேண்டாமா? டிரைவர் தேவா இருக்கிறான், ஆனால் அவன் தூங்குவான். நான் தூங்குகிற அவனைப் பார்த்துக்கொள்வேன்.

போன ஆவணியில் ஒருநாள் சனிக்கிழமை வழக்கம்போல் கேட்கப் போனேன். அம்சா புடவையைக் கொஞ்சம் தூக்கி முட்டியைக் காட்டினாள். ரெண்டும் பலாப்பழம் மாதிரி இருந்தது.

"ண்ணா, ஒரு ஞாயித்துக்கிழமை எனக்கும் ஒரு சீட்டு போடுங்க."

"தாராளமா வா. எந்த ஞாயிறு?"

"நான் வாரிடுன்னு சொல்ற ஞாயிறு."

"அன்னைக்குத்தான் வண்டியே எடுக்கமாட்டேனே."

"காயலாம்னு சொல்ற அன்னைக்கு நான் எப்படி வருவேன்? சீசன்ல ஞாயிறும் களம் உண்டு. கிடக்குற மல்லாட்டையை நீங்க வந்து கிளறுவீங்களா?"

"சரி, இப்ப என்ன அவசரம்?"

"முட்டி ரெண்டும் தேஞ்சுபோச்சாம். தையில ஆபரேஷன் வச்சிருக்காங்க. அதுக்கப்புறம் வீட்டுப் படி ஏறலாம், மலை கூடாதாம். அதுக்கு முன்னாடி ஒருவாட்டி ஏறிக்கட்டுமான்னு டாக்டர்கிட்ட கேட்டேன். 'வலி உன்னுது, இஷ்டமும் உன்னுது'ன்னுட்டாரு."

"வேண்டுதலா?"

"ஒரு வேண்டுதலும் இல்ல. எட்டு வருஷமா என் வாயைக் கேட்டுக்கினு ஊரே போய்க்கினு வருது. போய்ட்டு வந்து அந்த மலை எப்படி இருக்குன்னு எனக்கே சொல்லுது. நான் பாத்தவ மாதிரி தலையை ஆட்டிக்கினு இருக்கேன். பேஜாரா இருக்குண்ணா."

"பஸ்ல போய்ட்டு வர வேண்டியதுதானே?"

"நடுவுல முட்டி மடங்கிட்டா தூக்க ஆள் வேணாமா? பஸ் கண்டக்டரா மலை ஏறி வருவாரு?"

ரூல் என்றால் ரூல்தான் என்றேன். ஒரு ஆளுக்காக ரூலை வளைத்தால் அப்புறம் அது கயிறு.

"ரூலே என் வாயில இருந்து வந்ததுதானேண்ணா" என்றாள். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. பதில் இல்லாமல் இல்லை, வண்டி நின்றுகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ரெண்டு தடவை கேட்டாள். ரெண்டு தடவையும் தலையாட்டினேன், பக்கவாட்டில். புரட்டாசி பிறந்தது. புது மல்லாட்டை லோடு லோடாக வந்து இறங்கியது. இன்னும் ஒரு மாதம் போனால் ஐப்பசி மழை, அப்புறம் மழை எப்போது விடும் என்று தெரியாத மார்கழி, அப்புறம் ஆபரேஷன். அவளுக்கு இருந்தது அந்த மூன்று, நாலு ஞாயிறுதான். அதை அவள் சொல்லவில்லை. விரலைவிட்டு நானே எண்ணிப் பார்த்து, எண்ணாதவன் மாதிரி இருந்தேன்.

புரட்டாசி மூணாவது சனிக்கிழமை. கலைப்பிரியா குழுவுக்கு மறுநாள் வண்டி. அம்சாவிடம் கேட்டேன்.

"காயலாம்" என்றாள். என் மூஞ்சியைப் பார்த்து, கண்ணைச் சிமிட்டாமல். "எனக்கும் ஒரு சீட்டு போட்டுடுங்க. சவுரிராயன் அண்ணன்கிட்ட லீவு சொல்லிட்டேன்."

முட்டி வலியோடு ஒரு நாள் கூலியை விட்டுக்கொடுக்கிறாளே என்று எனக்கே மனசு இளகிவிட்டது. முன்சீட்டையே கொடுத்தேன். வாட்ஸப்பில் குரலும் போட்டேன்.

சாயந்திரம் பஸ் ஸ்டாண்ட் எதிரில் டீக்கடையில் சவுரிராயன் உட்கார்ந்திருந்தான். ஒன்றாக லாரியில் ஓடினவர்கள் நாங்கள். ஞாயிறு சர்ச்சில் பூசைக்குப் போகிற ஆள், மறுநாள் போகலாம் என்று சந்தோஷமாக இருந்தான்.

"நாளைக்கு களம் லீவுப்பா. அம்சா வாரிடச் சொல்லிட்டா."

"நாளைக்கா? என்கிட்ட காயலாம்னாளே."

"அப்ப ஒண்ணு உன் வண்டி வேற ஊர்ல ஓடணும், இல்ல என் களம் வேற ஊர்ல இருக்கணும்."

டீயை அப்படியே வைத்துவிட்டு மில்லுக்குப் போனேன். அம்சா குவியல்மேல் தார்ப்பாயை இழுத்து ஓரத்தில் செங்கல் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு, அவனுக்கு ஒண்ணு சொல்றியா?"

"ஆமா" என்றாள். செங்கல்லை விடவில்லை. "அவருக்கு உள்ளதைச் சொன்னேன்."

"அப்ப எனக்கு?"

"உங்களுக்குத்தான் மூணுவாட்டி உள்ளதைச் சொன்னேனே. சீட்டு கிடைக்கலையே."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கம்பெனிப் பிள்ளைங்களை மழையில கூட்டிக்கினு போய் பாறையில நிக்கவைக்கச் சொல்றியா? எவனாவது வழுக்கி விழுந்தா என் பேரு என்னாவறது?"

"மழைன்னு யாரு சொன்னது?"

"வாரிடுன்னியே."

"மந்தாரம்ண்ணா." செங்கல்லை வைத்துவிட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "நாளைக்கு சூரியன் மூஞ்சியே காட்டாது. மேகம் மூடிக்கினு அப்படியே நிக்கும். மத்தியானம் ரெண்டு, மூணு வரைக்கும் சொட்டு விழாது. அப்புறமும் தூறல்தான். ஆனா வெயில் இல்லாம மல்லாட்டை எப்படிக் காயும்? காயாததைப் பரப்பி என்ன பிரயோஜனம்? அதான் வாரிடு. அது மல்லாட்டைக்குச் சொன்னது, மனுஷனுக்கு இல்ல. மலை ஏற மந்தாரத்தைவிட நல்ல நாள் எங்கண்ணா கிடைக்கும்?"

நான் அங்கே கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்தேன். தோசைக்கல் பாறை, துண்டு சுற்றிய கை, தோளில் தொங்கி வந்த பையன், எல்லாம் வரிசையாக வந்து போனது. ஐப்பசியில் அவள் வாரிடு என்று சொன்ன நாளில் எத்தனை நாள் மழை, எத்தனை நாள் மந்தாரம் என்று அந்த ஆண்டவனுக்குத்தான் தெரியும். நான் வீட்டில் பிரேக் வேலை பார்த்திருக்கிறேன்.

"அப்ப இந்த எட்டு வருஷமா?"

"நீங்க காயுமான்னுதானே கேட்டீங்க. ஏறலாமான்னு ஒருநாளும் கேக்கலையே."

"நான் மலைக்குப் போகத்தான் கேக்குறேன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணா. இந்தப் பிள்ளைங்களுக்கு வெயில்தான் பிடிக்கும்போல, காசு குடுத்துக் காயறாங்கன்னு நினைச்சேன். நீங்க மொதலாளி, உங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டேன்."

இந்தக் கடைசி வார்த்தை பாராட்டா என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

வண்டியை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் காரணம் சொல்லவேண்டும். ஒரு ஞாயிற்றின் காரணத்தைச் சொல்லப்போனால் எட்டு வருஷத்து ஞாயிறும் பின்னாலேயே வரும். அதனால் பெருந்தன்மையாக, "சரி வா, ஆனா நானும் கூட ஏறுவேன். மழை வந்துச்சோ, உன்னை அங்கேயே விட்டுட்டு வருவேன்" என்றேன்.

"வாங்கண்ணா. முட்டி மடங்கினா தூக்க ஒரு ஆள் ஆச்சு."

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு அடிவாரம். வானம் கழுவின ஈயப் பாத்திரம் மாதிரி இருந்தது. வெளிச்சம் உண்டு, வெயில் இல்லை. மேல்பாதி மலையைக் காணோம், மேகத்துக்குள் போய்விட்டது. நான் குடையோடு இறங்கினேன். தேவா என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அண்ணே, நீங்களா ஏறப்போறீங்க?"

"வண்டியைப் பாத்துக்க. தூங்காத."

கலைப்பிரியா குழுவுக்கு முதல் அரைமணி நேரம் ஒன்றும் புரியவில்லை. வழக்கமாக முதல் படிக்கட்டு முடிகிற இடத்தில் பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்களாம். அன்றைக்கு ஒருத்தரும் உட்காரவில்லை. தண்ணீர்ப் பாட்டில் மூடி திறக்கவில்லை. ஒரு பெண் பாட்டுப் பாடிக்கொண்டே ஏறினாள்.

"அங்கிள், இன்னைக்கு மலை சின்னதாயிடுச்சா?" என்று மேலிருந்து கேட்டாள் கலைப்பிரியா.

"கிளைமேட் பாத்து நாள் குறிச்சேன்மா" என்றேன். மூச்சு வாங்கியதால் அதற்குமேல் சொல்லமுடியவில்லை. அம்சா என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே அவளைப் பற்றி நாலு பக்கம் எழுதலாம்.

அவள் ஏறின விதம் இருக்கிறதே, அதைச் சொல்லவேண்டும். நேராக ஏறவில்லை. படியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் பாதத்தைத் தேய்த்துக் குறுக்காக, மறுபடி இந்த ஓரத்துக்கு. களத்தில் கிளறுகிற அதே நடை. பத்துப் படிக்கு ஒரு தடவை நின்று முட்டியைத் தட்டுவாள், மாட்டைத் தட்டுகிற மாதிரி. "ஜல்தி வாங்கண்ணா" என்பாள். எனக்கு முட்டியில் ஒன்றும் இல்லை, இருந்தும் அவளுக்குப் பின்னால்தான் போனேன். விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமே.

கம்பி பிடித்து ஏறுகிற இடம் வந்தது. பாறை செங்குத்து. அம்சா கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது, காய்ந்தும் இருந்தது. புடவையைச் சொருகிக்கொண்டு ஏறினாள். நடுவில் ஒரு இடத்தில் இடது முட்டி மடங்காமல் நின்றுவிட்டது. மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் தொங்கினாள்.

"இறங்கிடலாமா அம்சா?"

 கொஞ்ச நேரம் நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டிருந்தாள். கீழே நின்ற நான் அவள் இடது குதிகாலை என் உள்ளங்கையில் தாங்கினேன். மூன்று வேனுக்கு முதலாளி. அவள் என் கையில் ஒரு மிதி மிதித்து மேலே போனாள்.  மேலே இருந்து கலைப்பிரியா கை கொடுத்து இழுத்துக்கொண்டாள்.

உச்சிக்குப் போனபோது பதினொன்றரை. கோயில் இருந்தது. அதைச் சுற்றி ஒன்றுமே இல்லை. வெள்ளை. பத்தடிக்கு அப்பால் ஆள் நின்றால் நிழல்தான். பிள்ளைகள் போனை எடுத்தார்கள், திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், பையில் வைத்துக்கொண்டார்கள்.

"போன தடவை எவ்ளோ தெரிஞ்சுது, ஏரி, வயல், ரோடு எல்லாம்" என்றான் ஒருத்தன். "இதுக்கா ஏறினோம்?"

 இவ்வளவு தூரம் முட்டியை இழுத்துக்கொண்டு வந்தவளுக்குக் காட்ட ஒரு ஏரிகூட இல்லை. இனிமேல் ஏறவும் முடியாது. கலைப்பிரியா பாவம், போனில் பழைய படத்தைத் தேடி எடுத்து, "இதுதான் அக்கா, இப்படித்தான் இருக்கும்" என்று காட்டினாள். அம்சா அதை ஒரு பார்வை பார்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் வேறு வேலையாக இருந்தாள். பாறை விளிம்புக்கு முன்னால் கம்பி வேலி ஓரம் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தாள். மேகம் அவள் கைக்குக் கீழேயும் மேலேயும் போனது. உள்ளங்கையை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். கையைப் புடவையில் துடைத்தாள். மறுபடி நீட்டினாள். இருபத்தெட்டு வருஷமாகக் கீழே நின்று அவள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த மேகம், அவள் முந்தானையை நனைத்துக்கொண்டு போனது.

அப்போது கொஞ்சம் இருட்டினமாதிரி ஆனது. கம்பி வழியாக இறங்கவேண்டிய பிள்ளைகள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நானும்தான்.

"அக்கா, மழை வருமா?" என்றாள் கலைப்பிரியா.

அம்சா கன்னத்தை இந்தப் பக்கம் திருப்பினாள், அந்தப் பக்கம் திருப்பினாள். செருப்பைக் கழற்றிப் பாறையை மிதித்துப் பார்த்தாள். நாங்கள் எல்லாரும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"தெரியல பாப்பா" என்றாள்.

"தெரியலையா?"

"உள்ள நின்னா ஒண்ணும் தெரியல." அவளுக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். பல் தெரியச் சிரித்தாள். எட்டு வருஷத்தில் அவள் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். "என்னை எதுக்குக் கேக்கறீங்க? எனக்கு இன்னைக்கு லீவு."

சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் பாறையில் உட்கார்ந்தாள். வலிக்கிற முட்டியில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு வெள்ளையைப் பார்த்தாள். எழுந்திருக்கிற எண்ணமே இல்லை.

பிள்ளைகள் இப்போது என் பக்கம் திரும்பினார்கள். அனுபவம் உள்ள ஆள் நான்தானே. நான் குடையை ஊன்றிக்கொண்டு வானத்தைப் பார்த்தேன். வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்றே தெரியவில்லை.

"இன்னும் அரைமணி நேரம் தாங்கும்" என்றேன், கனமான குரலில்.

தாங்கியது. எப்படிச் சொன்னீர்கள் என்று இறங்கும்போது கலைப்பிரியா கேட்டாள். அதெல்லாம் அனுபவம் என்றேன். அம்சா எனக்கு முன்னால் கம்பியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தாள். அதைக் கேட்டு, ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.